கால் மணி நேர வீடு

மைதீன் பாட்சாவின் இரண்டு வருஷத்துக்குக் கம்பெனி போட்டிருந்த விலை நாற்பத்தெட்டாயிரம் ரியால். போக வர டிக்கெட் தனி. தங்குகிற அறையும் குடிதண்ணீரும் கம்பெனி செலவு. சங்கரன்கோவிலில் அவன் மனைவி ஷாஹின் பானு தனியாகப் படுக்கப்போகிற எழுநூற்று முப்பது ராத்திரியும் அந்த விலைக்குள்ளேயே அடக்கம். அதற்கென்று தனி ரேட் அவனும் கேட்கவில்லை, அவர்களும் பேசவில்லை. பிச்சிப்பூவைக்கூட ஈரத்தை உதறிவிட்டு நிறு என்று வியாபாரியோடு மல்லுக்கு நிற்கிற ஊரில் பிறந்த பெண்ணுக்கு இது எப்படி வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள், சவூதி மணிக்கு, புது காண்ட்ராக்ட் காகிதம் கையெழுத்தோடு கம்பெனி ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். இன்றைக்கு வியாழக்கிழமை.

மைதீன் பாட்சா தம்மாமில் டைல் போடுகிற மேஸ்திரி. கல்யாணமாகி ஏழு வருஷம். கல்யாணத்தின்போது ஊரில் இருந்தது முப்பத்தொரு நாள். பிறகு வந்த மூன்று லீவுகளில் நூற்று முப்பத்திரண்டு நாள். மொத்தம் நூற்று அறுபத்து மூன்று. ஷாஹின் இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, மறக்கவுமில்லை. புளியங்குடி ரோட்டுக்குத் தெற்கே மூன்று சென்ட் இடம் வாங்கிப் போட்டிருந்தார்கள். கையில் இருக்கிற காசுக்கு ஹால், ஒரு படுக்கையறை, அடுப்படி, குளியலறை என்று நானூற்று இருபது சதுர அடியில் வீடு எழும்பும். மைதீனுக்கு மாடி வேண்டும், வளைந்த படி வேண்டும், கண்ணாடி பால்கனி வேண்டும். அரபு சேக்குகள் வீட்டில் பளிங்கு பதித்துப் பழகிய கைக்கு நானூற்று இருபது சதுர அடி என்றால் கேவலமாக இருந்தது. "கோழிக்கூடு கட்டவா பானு பதினோரு வருசமா இங்கன வெயில்ல கெடக்கேன்?" என்பான். மாடிக்கு இன்னும் இரண்டு வருஷம். அவ்வளவுதான் அவன் கணக்கு.

ஷாஹின் வேலை பார்த்ததே வீடு வரைகிற ஆபீசில்தான். உரக்கடை மாடியில் ராஜதுரை நடத்துகிற எலிவேஷன் ஆபீஸ் அது. கட்டப்போகிற வீட்டைக் கட்டும் முன்னாலேயே பெயிண்ட் அடித்து, வாசலில் கார் நிறுத்தி, மேலே நீல வானம் வைத்துக் காட்டுவார்கள். குருவிகுளத்திலிருந்தும் ராயகிரியிலிருந்தும் ஆட்கள் வந்து, காரை மட்டும் எடுத்துவிட்டு டிராக்டர் வையுங்கள் என்று கேட்பார்கள். ஆறு பெண்கள். ஷாஹினைத் தவிர கனகலட்சுமி, நிர்மலாதேவி, வள்ளித்தாய், பூமாரி, காவியா. ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆடி மாதத்தில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் எல்லோரும் ஒரே நாளில் தொடங்குவார்கள். ஆகையால் ஆடி முழுக்க இந்த ஆறு பேருக்கும் தலை சொறிய நேரம் இருக்காது.

அவளும் தன் வீட்டை நாலு படமாக வரைந்து அனுப்பிப் பார்த்தாள். அவன் போனில் விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "நீங்க போடுத படம் எனக்குத் தெரியாதா, மாட்டுத் தொழுவத்தைக்கூட மகாலாக்கிருவீக" என்று சிரித்தான். படத்துக்கு அவன் மசிகிற ஆளில்லை. அவனே உள்ளே நடக்க வேண்டும். இடது பக்கம் திரும்பு என்று அவன் சொல்ல, இவள் திரும்பிக் காட்ட வேண்டும். அப்படி நடக்கிற வீட்டையும் அவள் செய்து வைத்திருந்தாள், மூன்று வாரமாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். ஒரே ஒரு சிக்கல். அது அவள் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. சுவர் வந்தது, கதவு வரவில்லை. கதவு வந்தபோது திரை அப்படியே உறைந்து நின்றது.

கம்ப்யூட்டர் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஆறு பேர் மேஜையிலும் இருந்தது சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு டப்பாவும் ஒரு திரையும். அசல் எந்திரம் ஒன்றே ஒன்று, ஏசி போட்ட மூலை அறையில் உட்கார்ந்திருந்தது. அதற்குள்ளேதான் ஆறு பேருடைய கம்ப்யூட்டரும் இருப்பதாகப் பாவனை. படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டும் அதில் ஒன்றுதான். கோயம்புத்தூரில் இழுத்து மூடிய ஒரு ஸ்டூடியோவிலிருந்து ராஜதுரை அடிமாட்டு விலைக்குப் பேசி ஓட்டிக்கொண்டு வந்தது. அவருடைய அப்பா சந்தையில் மாட்டுத் தரகர். மகனுக்கும் எதைப் பார்த்தாலும் மாடாகத்தான் தெரியும்.

"மாட்டுக்கு நாலு காம்பு, இதுக்கு ஆறு," என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒவ்வொருத்திக்கும் பாடம் எடுப்பார். "கார்டுல இருக்கது இருவத்துநாலு ஜிபி. ஆளுக்கு நாலு. ஒருத்திக்கு ஆறு ஒருத்திக்கு ரெண்டுன்னு கறக்க முடியாது, வெட்டுனா எல்லாத் துண்டும் ஒரே அளவுதான். பெருசா வேணும்னா மொத்தப் பேரும் மெசினை அணைக்கணும், நான் உள்ள போயி துண்டை மாத்தணும். முழுக் கார்டையும் ஒருத்தி பேருக்கே எழுதியும் குடுக்கலாம். அப்ப மத்த அஞ்சு பேரும் வாயில விரலை வச்சிட்டு உக்காந்திருக்கணும். அதனால எவளும் கேக்காதீக."

ஷாஹினின் வீட்டுக்குப் பதினெட்டு ஜிபி தேவைப்பட்டது. பாதிக் கார்டு கொடுத்தாலும் பத்தாது.

மத்தியானம் இரண்டு மணிக்கு ராஜதுரை மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, கார்டு முழுசா எனக்கு ரெண்டு மணி நேரம் வேணும்."

ராஜதுரை கால்குலேட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டுன்னு கேக்கேன்னா உனக்கு ஒண்ணுதான் வேணும். என்கிட்டயே தொழில் படிச்சிட்டு என்கிட்டயே கடை விரிக்கியாம்மா?"

"சரி. ஒரு மணி நேரம்."

"ஆடி மாசத்துல, வியாழக்கெழமை, டெலிவரி நேரத்துல. என்னத்துக்கு?"

சொன்னாள். மறைக்க என்ன இருக்கிறது. மாடி, கையெழுத்து, ஐந்து மணி. தம்மாமில் இப்போது கோடை. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்த ஓய்வு நேரத்தில்தான் அவனைப் பிடிக்க முடியும். இங்கே ஐந்தரை மணிக்கு அவன் மறுபடி சாரத்துக்குப் போய்விடுவான். அங்கிருந்து நேரே ஆபீஸ், நேரே கையெழுத்து.

ராஜதுரை இப்போதுதான் நிமிர்ந்தார். "கம்பெனிக்காரன் எவ்வளவு போட்டிருக்கான்?"

"நாப்பத்தெட்டு."

"மாப்பிள்ளை மேல கேட்டாரா?"

"கேக்கல."

"கேக்கவே இல்லையா!" ஆள் உண்மையிலேயே பதறிப்போனார். "மொதல்ல சொன்ன விலைக்கா மனுசன் தலையாட்டுவான்? ஒரு கன்னுக்குட்டியக்கூட அப்படி விக்க மாட்டானே!"

"அவுகளுக்குப் பேரம் வராது அண்ணாச்சி. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பயும் மொதல்லயே சரின்னுட்டாக."

ராஜதுரைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பேனாவை மூடி வைத்தார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. அடைச்சுத் திறக்க எனக்குப் பத்து நிமிசம். அந்த அஞ்சு பேரு வேலையில்ல நிக்கும்? அதுக படத்துக்குத்தான் துட்டு வாங்குது. நான் வாயத் தொறந்து கேட்டா அஞ்சு பேரும் சரின்னு சொல்லும், உன் மூஞ்சிக்காக. வீட்டுல போயிக் கரிச்சுக் கொட்டும். அது உனக்கு வேண்டாம்."

"அப்ப எப்படி?"

"எங்கய்யா எப்படிப் பேசுவாரோ அப்படி."

சந்தையில் மாட்டு விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். பிடித்தவனுக்கும் கொடுத்தவனுக்கும் மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் மிச்சம். குறைத்துக் கொடுத்தான் என்று யாரையும் யாரும் பழிக்க முடியாது.

"கோமதியக்கா!" என்று குரல் கொடுத்தார். டீ போடவும் பெருக்கவும் வருகிற கோமதியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஐம்பது வயது, எதற்கும் அசராத முகம். ராஜதுரை நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "ஒரு விரல்னா கால் மணி. நாலு விரல்னா ஒரு மணி. கையை மூடினா முடியாதுன்னு அர்த்தம். ஷாஹினுக்காக எவ்வளவு நேரம் மெசினை அணைக்க முடியும்னு ஒவ்வொருத்திகிட்டயும் போயிப் பிடிச்சிட்டு வாங்க."

"நீங்க போக வேண்டியதான?"

"நான் போயிப் பிள்ளைக கையைப் பிடிச்சா என் கையை எவ கட்டுப் போட்டுவிடுவா? போங்கக்கா."

கோமதியம்மாள் துண்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், அதே வேகத்தில் திருப்பிக் கொடுத்தாள். "இது சித்திரையில துவைச்சது. என் முந்தானை போதும்."

ஷாஹின் தன் இடத்தில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதியம்மாள் ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து காதில் சொன்னாள், முந்தானையை விரித்துப் போட்டாள், அடியில் கையை விட்டாள். காவியாவுக்குக் கூச்சம், கெக்கலித்தாள். "ஏட்டி, மாடு கூட இப்படிச் சிரிக்காதுட்டி" என்றாள் கோமதியம்மாள். வள்ளித்தாய் சுவரைப் பார்த்துக்கொண்டு கொடுத்தாள். நிர்மலாதேவி கண்ணை மூடிக்கொண்டாள், ஊசி போட்டுக்கொள்கிறவள் மாதிரி. பூமாரி ஒரு கையால் வேலை பார்த்துக்கொண்டே மறு கையை நீட்டினாள். கனகலட்சுமி மட்டும் உரக்கச் சொன்னாள்: "போன்லயே குடும்பம் நடத்துதா இவ. புள்ளையையும் வாட்ஸப்புல அனுப்பிருவாருன்னு நெனச்சிட்டிருக்கா போல. பிடிங்கக்கா நல்லா." சொல்லிவிட்டு என்ன கொடுத்தாள் என்பது முந்தானைக்கு அடியில்.

ஷாஹினுக்கு முகம் சூடாகிவிட்டது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கோமதியம்மாள் திரும்பி வந்து ராஜதுரைக்கும் ஷாஹினுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நாலு பேரு நாலு விரல். ஒருத்தி ஒண்ணு."

"எவ அது?" என்றார் ராஜதுரை.

"தரகர் மகன் கேக்குத கேள்வியா இது?"



பதினேழு விரல். கூட்டினால் நாலே கால் மணி நேரம். பூ, பால், காசு என்று வேறு எதுவாக இருந்தாலும் கூட்டி வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கார்டில் கூட்டல் கிடையாது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் அணைத்தால்தான் உண்டு. ஒருத்தி கால் மணிக்கு மேல் முடியாது என்றால் மற்ற நாலு பேருடைய முக்கால் மணியும் காற்றோடு போகும். யாருடைய படமாவது பாதியில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு படத்துக்கு நடுவே கால் மணிதான் இடைவெளி இருக்கும். வீட்டில் என்ன நெருக்கடியோ. ஷாஹின் ஐந்து முதுகுகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு முதுகு கொஞ்சம் அதிகமாகக் குனிந்திருந்ததாகப் பட்டது. சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டாள். தெரிந்துகொண்டு நாளைக்கு எந்த முகத்தோடு டிபன் டப்பாவைத் திறப்பது?

ஒரு மணி நேரத்துக்கு அவள் என்னவெல்லாமோ திட்டம் போட்டிருந்தாள். முதலில் காலை வெளிச்சத்தில் வீடு, பிறகு சாயங்காலம் விளக்குப் போட்டு, பிறகு மழை பெய்கிற வாசல், கடைசியில் மொட்டை மாடியிலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு சுற்று. அதில் முக்கால்வாசியை மனதுக்குள்ளேயே கிழித்துப் போட்டாள்.

"கால் மணி போதும் அண்ணாச்சி," என்றாள். "சின்ன வீடுதான."

நாலரைக்கு ஆறு திரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக இருண்டன. ராஜதுரை மூலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கனகலட்சுமி எழுந்து சேலையை உதறினாள். "வாங்கட்டி, மொட்டை மாடியில மிளகா காயுதாம், பாத்துட்டு வருவோம்."

"எவ வீட்டு மிளகாக்கா?" என்றாள் காவியா.

"கேள்வி கேக்காம வாட்டி."

எல்லோரும் போய்விட்டார்கள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். கடைசியாகப் போன கோமதியம்மாள் ஒரு டீயை ஷாஹினின் மேஜையில் வைத்துவிட்டு, கதவை வெளியிலிருந்து மெல்ல இழுத்து விட்டாள்.

நாலு நாற்பதுக்கு ராஜதுரையின் குரல் கதவிடுக்கில் வந்தது. "இருவத்துநாலும் உன் பேருக்கு எழுதியாச்சு. அஞ்சுக்கு அஞ்சு நிமிசம் இருக்கையில வெட்டிருவேன். சொன்ன விரல் சொன்ன விரல்தான்."

வீடு ஒரே மூச்சில் வந்து நின்றது. கதவு வந்தது, கதவின் கைப்பிடி வந்தது, கைப்பிடியில் வெளிச்சம் வந்தது. மூன்று வாரமாக அவள் இந்த வீட்டை முழுதாகப் பார்த்ததில்லை. திரையை அவனுக்குப் போகும்படி செய்துவிட்டு, போனைக் காதில் வைத்தாள்.

"மச்சான், தெரியுதா?"

"மெல்லப் பேசு. பயலுவ தூங்குதானுவ." பிறகு குரல் போனுக்குக் கிட்டே வந்தது. "தெரியுது. இது நம்ம இடமா? அந்தப் பக்கத்து வேப்ப மரத்தையும் வச்சிருக்க?"

"நிக்கத மரத்தை என்ன செய்ய. எங்க போகணும் சொல்லுங்க, நான் நடக்கேன்."

"உள்ள போ."

உள்ளே போனாள். ஹால் விரிந்தது. ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்து, சோபாவின் கால் வரை நீண்டது. அவள் மெல்ல இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள்.

"நில்லு," என்றான். "கீழ பாரு. தரையை."

பார்த்தாள்.

"ரெண்டுக்கு ரெண்டு டைல். இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் ஆறு. அப்ப பத்துக்குப் பன்னெண்டு ஹால். சரியா?"

"சரி."

"பத்தடி ஹால்ல சோபாவுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவுல மாட்டு வண்டி திரும்புத எடம் எப்படி வந்துச்சு பானு?"

ஆபீசில் சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொடுப்பதே அதுதான். கேமராவின் கண்ணை, அதாவது லென்ஸை, பதினெட்டு மில்லிமீட்டரில் வை. பத்தடி பதினாறடியாகத் தெரியும், கஸ்டமர் சொக்கிப்போவான். கை தன்னால் அதைச் செய்துவிடும். செய்தது கை மட்டும்தான் என்று அவள் சொன்னால் அது பொய். கோழிக்கூடு என்று அவன் இன்னொரு தரம் சொல்லிவிடுவானோ என்ற பயமும் அந்தக் கையைப் பிடித்திருந்தது.

"ஊரையெல்லாம் ஏமாத்துங்க. என்கிட்டயுமா? பதினோரு வருசமா நான் பாக்கது தரை ஒண்ணைத்தான்." கோபம் என்றால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தக் குரலில் கோபமில்லை. "மாடி இல்லைன்னா பிடிக்காமப் போயிருமோன்னு பயந்தியோ?"

"பயந்தேன்," என்றாள்.

மூலை அறையிலிருந்து ராஜதுரை, "எட்டு நிமிசம்," என்றார்.

ஷாஹின் திரையில் கேமரா அளவுகளைத் திறந்தாள். பதினெட்டை முப்பத்தைந்தாக்கினாள். கண் இருக்கிற உயரத்தையும் மாற்றினாள். ஆபீஸ் வழக்கத்துக்கு அது ஏழடியில் இருந்தது. மைதீனின் உயரத்துக்கு இறக்கினாள், ஐந்தடி மூன்றங்குலம். வீடு சுருங்கியது. நாலு சுவரும் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றன. சோபாவைச் சுற்றி ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். கூரை தலைக்கு மேலே இறங்கி உட்கார்ந்தது. இவ்வளவு சின்னதா என்று அவளுக்கே திடுக்கென்றது.

"இதுதான் மச்சான். இவ்வளவுதான் இருக்கும்."

அவன் சுவரிலிருந்து சுவருக்கு வாய்க்குள்ளேயே டைலை எண்ணினான். அரை நிமிஷம்தான் ஆனது. ஆனால் எட்டு நிமிஷத்தில் அது கொள்ளை.

"இப்ப நட," என்றான்.

படுக்கையறைக்குப் போனாள். ஜன்னல் எந்தத் திசை என்று கேட்டான். கிழக்கு என்றாள். காலையில் முகத்தில் வெயில் அடிக்கும், கட்டிலைத் திருப்பிப் போடு என்றான். அங்கேயே கட்டிலைத் திருப்பிப் போட்டாள். குளியலறைக் கதவைத் திறந்ததும் அவன் குரலே மாறிவிட்டது.

"தண்ணி வாட்டம் எந்தப் பக்கம் குடுத்திருக்க?"

"கதவுப் பக்கம்."

"நாசமாப் போச்சு. குளிக்கத தண்ணி பூரா படுக்கையறைக்கு வரும். அந்த மூலைக்குக் குடுக்கணும். நம்மூர் ஆளுக அதைச் செய்ய மாட்டானுவ, மட்டக் கட்டையைக்கூட வைக்க மாட்டானுவ. கண்ணால பாத்து ஒரு தட்டுத் தட்டிட்டுப் போயிருவானுவ. சரி, அடுப்படிக்குப் போ."

அடுப்படி எட்டுக்கு எட்டு. மேடை, தொட்டி, ஒரு அலமாரி. அவள் மேடைக்கு முன்னால் போய் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரம்.

"ஒரு ஆள் நிக்கத எடம்தான் இருக்கு," என்றான்.

"ரெண்டு பேரு நிக்கலாம். இடிக்கும்."

"இடிக்கட்டும்."

ஷாஹின் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திரை அசையாமல் நின்றது. இருபத்துநாலு ஜிபியும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. அவள் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேரும் அந்த எட்டுக்கு எட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் பக்கத்தில் யாரோ புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. இவள் பக்கத்தில் டீயில் ஆடை கட்டியிருந்தது.

"அஞ்சுக்கு அஞ்சு," என்றார் ராஜதுரை. சொல்லிவிட்டு அவரும் ஒரு நொடி தயங்கியிருக்க வேண்டும். பிறகு சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வெட்டினார்.

திரை இருண்டது.

"பானு? போயிருச்சே?"

"நேரம் முடிஞ்சிருச்சு மச்சான். மத்தவுக வேலை பாக்கணும்."

"சரி. படம் வேண்டாம், எனக்கு நெனப்பிருக்கு. ஒரு பேப்பர் எடு."

மொட்டை மாடியிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். ஒருத்தி கையிலும் மிளகாய் இல்லை. ஆறு திரைகளும் மறுபடி வெளிச்சமாயின. ஆளுக்கு நாலு. ஷாஹினின் திரையில் கதவில்லாத வீடு ஒன்று வர முயன்று பாதியில் நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. யாரோ ராயகிரிக்காரர் வேண்டாம் என்று தள்ளிவிட்ட எலிவேஷன் தாளைத் திருப்பிப் போட்டு, பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"இன்னைக்கு ஆபீசுல பேப்பரைக் கையெழுத்துப் போடாமத் திருப்பிக் குடுத்துருதேன்," என்றான் மைதீன். நாளைக்கு மீன் வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னான். "பழைய காண்ட்ராக்ட் அக்டோபர்ல முடியுது. அதுக்குள்ள கூரையைப் போட்டு வச்சிருங்க, இன்ஷா அல்லாஹ். தரையை மட்டும் எவனையும் தொட விடாதே. எழுதுதியா?"

எதிர் மேஜையில் கனகலட்சுமி திரையைப் பார்த்துக்கொண்டே, தன் கைக்குட்டையை இந்தப் பக்கம் தள்ளி வைத்தாள்.

"எழுதுதேன், சொல்லுங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஹாலில் தொடங்கி, அவள் நடத்திக் கூட்டிப்போன அதே வழியில் போனான், குளியலறையை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி. ஒவ்வொரு அறையிலும் ஒரு நொடி நின்றான், எண்ணினான், அடுத்த அறைக்குப் போனான். அவள் அவன் சொன்னபடியே எழுதினாள்.

ஹால், அஞ்சுக்கு ஆறு: முப்பது.
படுக்கையறை, அஞ்சுக்கு அஞ்சு: இருபத்தைந்து.
அடுப்படி, நாலுக்கு நாலு: பதினாறு.
வாசல் பக்கம், நாலுக்கு ரெண்டு: எட்டு.
ஆக, எழுபத்தொன்பது. வெட்டில் உடைவதற்கு ஐந்து. மொத்தம் எண்பத்து நான்கு. பெட்டிக்கு நாலு வீதம் இருபத்தொரு பெட்டி.
குளியலறைத் தரை, சின்ன டைல், வழுக்காதது: இருபத்து நான்கு. வாட்டம் மூலைக்கு.
குளியலறைச் சுவர்: பாக்கி. நான் வந்து அளந்த பிறகு.